கூறை வைத்த பை

பிள்ளை,

அலுமாரிப் பூட்டின் திறப்பு தொலையவில்லை. அது இத்தனை நாளும் என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. அம்மாவின் கலியாணக் கூறைச் சேலையை எடுத்து வைக்கச் சொல்லி நீ தொலைபேசி எடுத்த போதெல்லாம், திறப்பைக் காணவில்லை, தேடுகிறேன், பூட்டுத் திருத்துகிறவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதை அளந்தேன். நீயும் நம்பினாய், அல்லது நம்பியது போல இருந்தாய். உன் அப்பனுக்குப் பொய் சொல்ல வராது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். இந்த முறை நன்றாகவே வந்தது. காரணத்தை நேரில் சொல்ல எனக்கு ஏலாது. உன் முகத்தைப் பார்த்தால் பாதி வழியில் வேறு கதைக்குத் தாவிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கலியாண வேலைக்குள் இதை வாசிக்க எங்கே நேரம் என்று முணுமுணுக்காதே. மாப்பிள்ளை சுதன் வீட்டுக்கு ரெயினில் போகும்போது வாசி. லண்டனின் இந்தக் கரையில் பார்க்கிங்கிலிருந்து அந்தக் கரையில் குரோய்டனுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு கடிதம் என்ன, புராணமே வாசித்து முடிக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டார் தரும் கூறையை மாற்றிக்கொண்டு வரும் வரைக்கும், அம்மாவின் கூறையோடுதான் மணவறையில் இருப்பேன் என்று சொன்னாய். உனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். மண்டபம், சாப்பாடு, மேளம் எதிலும் நீ வாய் திறக்கவில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் உன்னைப் பதற வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தச் சேலை இப்போது சேலையாக இல்லை. ஆனால் அது போனதைவிடச் சொல்லக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. அந்த அலுமாரிக்குள் உன் அம்மா இருக்கிறாள் என்று நான் நம்பியிருந்தேன்.

பதறாதே. எனக்கு மறதி நோய் எதுவும் வரவில்லை, டொக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடத் தேவையில்லை. ஆறுதலாக வாசி.

நீ அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். இரசாயனம் படித்த பிள்ளை ஆஸ்பத்திரி லாபில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நீ ஆற்றங்கரைத் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையைக் காட்டி, அங்கே ஈயின் புழுவை வளர்க்கிறார்கள், அந்தப் புழுவின் புரதத்திலிருந்து மண்ணோடு மண்ணாகப் போகிற பிளாஸ்டிக் செய்யப் போகிறேன் என்றாய். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று மூன்று கடையில் கேட்கிற மனுஷி உன் அம்மா. வீட்டுக்குள் சிலந்தி வந்தால் கிளாஸால் மூடி, காட்போட் மட்டையைக் கீழே செருகி, தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். அவள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "ஊரெல்லாம் பிள்ளையள் டொக்டரும் எக்கவுண்டனும். என்ர பிள்ளை புழு மேய்க்குது." அதற்குப் பிறகு நீ வேலையால் வந்தால் குளிக்காமல் குசினிக்குள் கால் வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ஒரு நாள் நீயும் விடவில்லை. "அம்மா, உங்கட கூறை என்னத்தில செய்தது? அதுவும் புழுதானே" என்றாய். அவள் அரிசி களைந்துகொண்டே நின்றாள். நீ மேலே போன பிறகு என்னிடம் சொன்னாள், பட்டு வேறாம், பட்டுச் சுத்தமாம். எப்படி என்று கேட்டேன். சுத்தம் என்றால் சுத்தம்தான் என்று சொல்லிவிட்டு அரிசியை அடுப்பில் வைத்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனாய். அம்மா காரை விட்டு இறங்கவில்லை, நான் மட்டும் வந்தேன். நீ கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டுச் சாத்தியதும் மழைச் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் விடாமல் பெய்கிற மழை. குடை காருக்குள் கிடக்கிறதே என்று நினைத்து யன்னலைப் பார்த்தால் வெளியே நல்ல வெயில். நீ சிரித்துக்கொண்டு தட்டுகளைக் காட்டினாய். அடுக்கடுக்காகத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் பேக்கரியில் மிஞ்சின பழைய பாணும் சோறும் அழுகின மரக்கறியும், அவற்றுக்குள் ஆயிரக்கணக்கில் புழுக்கள். அவை சாப்பிடுகிற சத்தம்தான் மழை. ஒரு தட்டை வெளிச்சத்துக்கு இழுத்தாய், மேலே கிடந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. தட்டு முழுக்க ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டது போல இருந்தது. அடுத்த அறையில் வலைக்குள் கறுத்த ஈக்கள். அவை ஒன்றும் தின்பதில்லை என்றாய். "வந்த வேலையை முடிச்சிட்டுப் போயிடும் அப்பா" என்று நீ சொன்ன விதம், நல்ல பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. காருக்குத் திரும்பியபோது உள்ளே என்ன கண்டேன் என்று அம்மா கேட்டாள். மழை என்றேன். இங்கே ஒரு துளியும் விழவில்லையே என்று அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் நீ அந்தத் தாளை எனக்குக் காட்டினாய். புழுவைக் காய வைத்து, எண்ணெயைப் பிழிந்து, மிஞ்சிய மாவிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து, கிளிசரின் கலந்து, அப்பள மாவு மாதிரி மெல்லிசாகப் பரப்பிக் காய விடுவோம் என்று விளங்கப்படுத்தினாய். தேத்தண்ணிச் சாயத்தில், கண்ணாடி போல ஒரு தாள். அதில் ஒரு கீலத்தை வெட்டி என் உள்ளங்கையில் வைத்தாய். சும்மா கிடந்தது. பிறகு அதன் இரண்டு முனையும் எழும்பின, நடு வளைந்தது, அது எங்கேயோ போகப் பார்ப்பது போல என் கையில் புரண்டது. நான் உதறிவிட்டேன். "ஈரம் அப்பா. உங்கட கையில இருக்கிற ஈரத்தைக் குடிக்குது. காய்ஞ்சா திருப்பி நேரா வந்திடும்" என்றாய். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள். இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அதற்குச் சில மாதம் கழித்து நீ செய்த முதல் பையை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். கைபிடி வைத்து, ஓரம் ஒட்டி, தொட்டால் சரசரக்கிற பை. இதை வைத்திருக்கக்கூடாது, ஒன்றிரண்டு தரம் பாவித்துவிட்டுத் தோட்டத்து மண்ணுக்குள் தாட்டுவிடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய். யாரிடம் சொல்கிறாய் பிள்ளை? நம் ஆட்களிடம் ஒரு பையைக் கொடுத்துவிட்டு வைத்திருக்காதே என்று சொல்லலாமா? இல்ஃபோர்டில் மரக்கறி வாங்கின ஷொப்பிங் பை, சேலைக் கடைப் பை, கலியாண வீட்டில் தந்த பை எல்லாவற்றையும் ஒரு பெரிய பைக்குள் திணித்து சிங்குக்குக் கீழே வைத்திருக்கிற வீடு இது. ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்து நீ ஒரு நாளாவது கண்டிருக்கிறாயா? அம்மா உன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மணந்து பார்த்தாள். மணக்கவில்லை என்று ஒரு சேர்ட்டிபிக்கட் கொடுத்தாள். நீ போன பிறகு அதைக் கட்டாயம் வெளியே எறிவாள் என்று நினைத்தேன். அவள் அலுமாரியைத் திறந்து, தலையணை உறைக்குள் சுற்றி வைத்திருந்த கூறையை எடுத்து, மடிப்புக் கலையாமல் உன் பைக்குள் வைத்தாள்.

புழுவென்று சொன்னீரே என்று நான் நக்கலடித்தேன். அவள் திரும்பாமலே சொன்னாள். "பிள்ளை செய்த முதல் பை. இதுக்குள்ள வேற என்னத்தை வைக்கிறது?"

உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். உனக்குத் தலைக்கனம் வந்துவிடுமாம். பூச்சி உருண்டை இரண்டை வழக்கம் போல மூலையில் போட்டு, பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். உன் கலியாணத்துக்கு என்று எவ்வளவோ காலமாக வைத்து வைத்துக் காத்த சேலை அது. கலியாணத்துக்குப் பிறகு அவள் அதைக் கட்டினது மிகக் குறைவு. கறி பட்டுவிடும், வேர்வை பட்டுவிடும் என்பாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து, நீயும் என்னோடு கொஞ்சக் காலம் இருந்து, நானே உன்னைத் துரத்தி உன் பிளாட்டுக்கு அனுப்பினேன். நீ போன பிறகு ஒரு காலையில் நான் பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஹீற்றிங் தானாக ஓடத் தொடங்கியது, குழாய்கள் சூடேறின. அலுமாரிக்குள் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. பட்டுச் சேலை கட்டினவள் எழும்பி ஒரு அடி வைத்தால் வருமே, அந்தச் சத்தம். அக்கினியைச் சுற்றி நடந்தபோது அவள் என் பின்னால் வந்த சத்தம் அது, எனக்கு மறக்குமா? பிரஷை வாய்க்குள் வைத்தபடியே கட்டில் நுனியில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. மறுநாள் காலையிலும் கேட்டது. நான் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்த பிறகும் மெதுவாகக் கேட்டது.

நான் பஸ் டிப்போவில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பழுது சொன்னவன். ஈரத்தில் வளைந்த உன் பை சூட்டில் காய்ந்து நிமிர்கிற சத்தம் என்று தலையின் ஒரு பக்கம் அன்றைக்கே சொன்னது. மற்றப் பக்கம் அதைக் கேட்கவில்லை. நான் அலுமாரியைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினேன். பொயிலருக்கு ஆள் வந்து பார்த்ததை, பக்கத்து வீட்டார் வேலியைத் தள்ளிப் போட்டதை, நீ மெலிந்துபோனதை எல்லாம் சொன்னேன். சில நேரம் நான் நிறுத்துகிற இடத்தில் சரியாக ஒரு சரசரப்பு வரும். சுதனைப் பற்றி நீ என்னிடம் சொன்ன அடுத்த நாள், சாமான் வாங்கக்கூடப் போகாமல் அலுமாரிக்கு முன்னால் இருந்து எல்லாம் சொன்னேன். பெடியன் நல்லவன், குடும்பம் சைவம், ஆனால் குரோய்டன் என்றேன். "என்ன சொல்லுறீர்?" என்று கேட்டேன். உள்ளே நீளமாக, ஆறுதலாக, ஒரு மடிப்பு விரிகிற சத்தம் கேட்டது. அம்மாவுக்கும் சம்மதம் என்று அன்று பின்னேரம் உனக்குத் தொலைபேசியில் சொன்னேனே, நான் பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து நீ அழுதாய். நான் பேச்சுக்குச் சொல்லவில்லை, பிள்ளை.

அதற்குப் பிறகு என் நடப்பெல்லாம் மாறிவிட்டது. கோடையில் வீடு ஏன் அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது என்று கேட்டாய், வயது போனால் இரத்தம் குளிர்ந்துவிடும் என்றேன். சத்தத்துக்காகத்தான் ஹீற்றிங்கை ஓடவிட்டேன். பூச்சி உருண்டை கரைந்து முடிந்திருக்கும் என்று தெரிந்தும் புதிதாக வாங்கிப் போடவில்லை. கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்று பயந்தேன். யன்னல் விளிம்பில் கடுகளவு புள்ளி வண்டுகள் ஊர்ந்தன. அம்மா செய்தது போலக் கிளாஸையும் மட்டையையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தோட்டத்தில் விட்டேன், புண்ணியம் செய்கிறேன் என்ற நினைப்பு வேறு. கலியாணத்துக்குப் பிறகு குரோய்டன் வீட்டுக் கீழ் அறையில் வந்து இருங்கோ என்று நீயும் சுதனும் கேட்டபோது, குரோய்டன் என்றால் எனக்கு இன்னும் அங்கே விசாக் கந்தோர் வாசலில் நின்ற வரிசைதான் ஞாபகம் வருகிறது, அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டேன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். உண்மையான காரணம் அந்த அலுமாரி.

இந்தக் குளிர்காலத்தில் சத்தம் தேயத் தொடங்கியது. முன்னே சேலை முழுக்க அசைந்தது போலக் கேட்டது, பிறகு ஒரு மடிப்பு, பிறகு நகத்தால் ஒரு தட்டு. களைத்துப் போன ஆள் பதில் சொல்கிற மாதிரி இருந்தது. நான் குரலை உயர்த்திக் கதைத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் நீ கூறையைக் கேட்டாய். திறந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும், திறக்காவிட்டால் உன் ஆசை போய்விடும். ஒரு தாயையும் மகளையும் இரண்டு பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நான் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துத் தடவிக்கொண்டு திரிந்தேன். போன கிழமை முழுக்க ஒரு காலையும் ஒன்றும் கேட்கவில்லை. கலியாண நாளைச் சொன்னேன், அதற்கும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை, நல்ல வெளிச்சத்தில், திரைச்சீலையை இழுத்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன்.

பையில் மிஞ்சியது ஒட்டின ஓரமும் ஒரு கைபிடியும் மட்டும். அவற்றின் விளிம்பெல்லாம் சின்னச் சின்னதாகக் கடித்தெடுத்திருந்தது. தட்டு முழுக்க வெறும் தோல்கள், மயிர் முளைத்த சீரகம் போல, என் மூச்சுப் பட்டு அங்குமிங்கும் நகர்ந்தன. அவற்றுக்குள் சில தோல்கள் அல்ல, தாமாகவே நகர்ந்தன. கூறையைத் தூக்கினேன், பாரமே இல்லை. சிவப்புப் பட்டு அநேகமாகப் போய்விட்டது. சரிகைக் கட்டங்கள் மட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வலை மாதிரி, சேலையின் நீளத்துக்கு எழும்பி வந்தன. அதற்குள்ளால் என் கையை நானே பார்த்தேன். கீழே தட்டில் சிவப்பாகப் பொடி குவிந்து கிடந்தது, அசல் குங்குமம். என் கை தானாகப் போய் அதில் கொஞ்சம் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் அது என்னவென்று விளங்கியது. புழு தின்ற நிறமே அதன் எச்சத்திலும் வந்திருக்கிறது. அதை உடனே துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மயிரும் கம்பளியும் பட்டும் செத்த பூச்சியின் கோதும் தின்கிற புழுக்கள் எந்த வீட்டிலும் இருக்கும் என்று நீயே ஒருமுறை சொன்னாய். உன் பை அவற்றைக் கூப்பிட்டிருக்கிறது, அவை பையைத் தின்றுவிட்டு உள்ளே இருந்ததையும் தின்றிருக்கின்றன. பட்டு வேறு, பட்டுச் சுத்தம் என்ற கதை அவற்றுக்குத் தெரியவில்லை. நான் மழைச் சத்தம் கேட்ட உன் கொட்டகையும் என் படுக்கையறையும் ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு நான் இரண்டாவது மழையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நீளமான சரசரப்பு, உன் கலியாணத்துக்குக் கிடைத்த சம்மதம், அது யார் தந்தது என்று இப்போது எனக்குத் தெரியாது. நினைத்தால் உள்ளங்கால் குளிர்கிறது.

இனி நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். என் பைதான் அம்மாவின் கூறையைத் தின்றது என்று தலையில் அடித்துக்கொள்வாய். அப்படி நினைக்காதே. வைத்திருக்காதீங்கோ, அது போய்விடும் என்று நீ தெளிவாகத்தான் சொன்னாய். நாங்கள்தான் கேட்கவில்லை. அம்மா இருந்திருந்தால் கொஞ்சம் அழுதுவிட்டு, பிள்ளை சொன்னது நடந்திருக்கு, அப்ப வேலை சரிதான் என்று சொல்லியிருப்பாள். அந்த வேலையை இதற்காக விட்டுவிடாதே. சுதன் வீட்டில் யாராவது புழு மேய்க்கிறவள் என்று பகிடி விட்டால், அம்மா சொன்ன பகிடி அதைவிட நல்லது என்று சொல். அவர்கள் தரும் கூறையைக் கட்டு. ஒரு நாளோடு மடித்து வைக்காதே. தீபாவளிக்குக் கட்டு, கோவிலுக்குக் கட்டு, கறி படட்டும், கிழியட்டும். நல்ல கோப்பையில் நீங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி குடியுங்கோ, விருந்தாளி வரும் வரைக்கும் காக்க வேண்டாம். நாங்கள் நல்லதையெல்லாம் வைத்து வைத்தே வாழ்ந்தோம். கண்டது என்ன?

சரிகை வலையை என் வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு புதுப்பட்டை அடியில் வைத்துத் தைக்கலாம் போல இருக்கிறது, ஆனால் அது உன் முடிவு. அணிந்தாலும் சரி, ஆற்றில் விட்டாலும் சரி, நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். உயிரோடு கிடந்த புழுக்களை மட்டையில் எடுத்துத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். கொல்ல ஏலவில்லை, அவை தின்று வளர்ந்தது அவளுடைய சேலை அல்லவா? அலுமாரியைக் கழுவித் துடைத்து, யன்னலைத் திறந்து காயவிட்டேன். இப்போது அது வெறுமையாக இருக்கிறது. காலையில் ஹீற்றிங் ஓடத் தொடங்குகிறது, குழாய்கள் சூடேறுகின்றன, நான் கட்டில் நுனியில் இருக்கிறேன், ஒன்றும் கேட்பதில்லை. அந்த அமைதிக்கு எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளை.

உன்னிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது உன் கொம்பனியிலிருந்து ஒரு பை கொண்டு வா. உள்ளே ஒன்றும் வேண்டாம், வெறும் பை போதும், ஆனால் உன் கையால் செய்ததாக இருக்கட்டும். ஈரமும் சூடும்தான் என்று எனக்கு விளங்கப்படுத்த வேண்டாம், அது எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு முன்பே கொண்டு வந்துவிடு. நாள் என்றைக்கு என்று அவளுக்கு நான் இன்னொரு தரம் சொல்ல வேண்டும்.

அப்பா